ஆபரேஷனுக்குப் பிறகும் இடுப்பு வலியா?



சென்ற இதழில் பாத வெடிப்புக்கு எழுதியிருந்த கைவைத்தியம் பலன் கொடுத்ததாக நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்று மனசைப் பிசைந்துவிட்டது. எழுதியிருப்பவர் இருபத்தெட்டு வயதுப் பெண். கையில் இரண்டு வயதுப் பையன். எட்டு மாதத்துக்கு முன் முதுகுத் தண்டில் டிஸ்க் ஆபரேஷன் ஆகியிருக்கிறது.

“காலுக்கு இறங்கின வலி போயிடுச்சு அக்கா. ஆனா இடுப்பு வலி அப்படியே இருக்கு. ஆபரேஷன் கெட்டுப் போச்சா? நகையை அடகு வெச்சு செலவு பண்ணோம். ‘நல்லா சாப்பிடறே, நல்லா பேசறே, அப்புறம் என்ன வலி’ன்னு அத்தை கேக்கறாங்க. இன்னொரு டாக்டர் திரும்பவும் ஆபரேஷன் பண்ணிடலாம்னு சொல்றார். என்ன செய்யட்டும்?”

இந்தத் தங்கைக்குப் பதில் எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. நானும் அந்த மேஜையில் படுத்து எழுந்தவள்தான். நான்கு வருஷம் ஆகிறது. பிளஸ் டூவோடு நின்றவள், டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர்களிடமும் பிஸியோதெரபி சொல்லிக் கொடுத்த பெண்ணிடமும் கேள்வி கேட்டுக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகமே நிரம்பியிருக்கிறது. அதிலிருந்துதான் எழுதுகிறேன். இது மருந்துச் சீட்டு இல்லை என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஆபரேஷனில் என்னதான் செய்கிறார்கள்? முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற டிஸ்க்கை ஒரு கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்களேன். வெளியே கெட்டியான மேல்மாவு, உள்ளே மெத்தென்று பூரணம். மேல்மாவு ஒரு பக்கம் வெடித்தால் பூரணம் பிதுங்கி, பக்கத்தில் காலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது. பிருஷ்டத்திலிருந்து குதிகால் வரை மின்சாரம் பாய்கிற மாதிரி வலிக்கிறதே, அது இதனால்தான். இதை 1934-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் மிக்ஸ்டர், பார் என்ற இருவர் எழுதிய பிறகுதான் இந்த ஆபரேஷன் உலகம் முழுக்கப் பரவியது. பிதுங்கின பூரணத்தை எடுத்துவிடுகிறார்கள். நரம்பு விடுபடுகிறது, கால் வலி போகிறது. ஆனால் வெடித்த மேல்மாவு புதுசாக ஆகிவிடுவதில்லை. அதைச் சுற்றியிருக்கிற தசையும் பல மாதம் வலிக்குப் பயந்து வேலை செய்யாமல் இளைத்துக் கிடக்கிறது. அதனால்தான் இந்த ஆபரேஷன் கால் வலிக்குக் கேட்கிற அளவு இடுப்பு வலிக்குக் கேட்பதில்லை. இதை முன்னாலேயே உட்கார்த்தி வைத்து யாராவது சொல்லிவிட்டால் எத்தனையோ பெண்களுக்குப் பாதி மனக்கஷ்டம் குறையும்.

ஆக, இந்தத் தங்கைக்குக் கால் வலி போயிருக்கிறது என்றால் ஆபரேஷன் செய்யவேண்டியதைச் செய்திருக்கிறது. முதுகு ஆபரேஷன் ஆனவர்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து நாற்பது பேர் வரை ஏதோ ஒரு வலி நீடிக்கிறது என்று மருத்துவப் புத்தகங்களே சொல்கின்றன. இதற்கு இங்கிலீஷில் ‘தோற்றுப் போன முதுகு ஆபரேஷன்’ என்கிற அர்த்தத்தில் ஒரு பேர் வைத்திருந்தார்கள். கேட்டாலே நடு முதுகு இற்றுப் போகும்! அந்தப் பேரையே மாற்றவேண்டும் என்று 2021-ல் வலி சிகிச்சை டாக்டர்கள் சிலர் எழுதினார்கள். தோற்றது யார் என்ற கேள்வியை அந்தப் பேர் நோயாளியின் தலையில் கட்டுகிறதே, மாற்றினால் என்ன தப்பு?

ஆனால் எல்லா வலியையும் ‘இது இப்படித்தான்’ என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர் அடைத்துக்கொண்டு வராமல் போவது, அல்லது சிறுநீரோ மலமோ தெரியாமலே போய்விடுவது, உட்காருகிற இடமும் தொடை இடுக்கும் மரத்துப் போவது, பாதம் தொங்கி செருப்பு தானாகக் கழன்று விழுவது... இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் 108-ஐக் கூப்பிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடவேண்டும். காய்ச்சலோடு முதுகு வலி, தையல் போட்ட இடத்தில் நீரோ சீழோ கசிவது, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, விழுந்து அடிபட்டபின் வந்த புது வலி, இதற்கெல்லாம் தாமதிக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இப்போது இரண்டாவது ஆபரேஷன் விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், அது எனக்குத் தகாது. டிஸ்க் மறுபடி பிதுங்கி காலுக்கு வலி இறங்கினாலோ, போட்ட ஸ்க்ரூ தளர்ந்தாலோ, உள்ளே சீழ் வைத்தாலோ ஆபரேஷன் தேவைப்படலாம். ஆனால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பலன் கிடைக்கிற வாய்ப்பு முன்னைவிடக் குறைகிறது என்பதை முதுகு டாக்டர்களே ஒப்புக்கொள்கிறார்கள். எனவே டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஸ்கேன்ல தெரியறதும், எனக்கு வலிக்கிற இடமும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துதா டாக்டர்?” ஆபரேஷன் ஆன எவருக்கும் ஸ்கேனில் உள்தழும்பு கொஞ்சம் தெரியத்தான் செய்யும்; வலியே இல்லாதவர்களுக்கும் தெரியும். அதனால் தழும்பு தெரிகிறது என்பது மட்டுமே காரணம் ஆகாது. தழும்பா, மறுபடி பிதுங்கின டிஸ்க்கா என்று பிரித்துப் பார்க்க ஊசி மருந்து போட்டு எடுக்கிற எம்.ஆர்.ஐ. உண்டு. வேறொரு டாக்டரிடம் காட்டிக் கேட்பதிலும் தப்பில்லை. கத்தரிக்காய் வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள் நாம்!

பணம் இருந்தால் இதெல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜான் கென்னடிக்கு முதுகில் நான்கு தடவை கத்தி வைத்தார்கள். 1944-ல் ஒன்று. 1954-ல் உலோகத் தகடு வைத்துச் செய்தது புரையோடி, சாவு வரைக்கும் போய் மீண்டார். 1955-ல் அந்தத் தகட்டை எடுக்க ஒன்று, 1957-ல் சீழை எடுக்க ஒன்று. உலகத்தின் பெரிய பெரிய டாக்டர்கள் எல்லாம் கைக்கெட்டின தூரத்தில் இருந்தும் வலி போகவில்லை. 1955-ல் ஜேனட் டிராவல் என்கிற பெண் டாக்டரிடம் போனார். அந்த அம்மாள் தசை முடிச்சுகளில் ஊசி போட்டார். ஒரு கால் மற்றதைவிடக் குட்டை என்று கண்டுபிடித்து செருப்பு உயரத்தைச் சரி செய்தார். ஒரேயடியாக அசையாமல் உட்காராதே என்று ஆடும் நாற்காலியில் உட்கார வைத்தார். பத்திரிகைகளில் அந்த நாற்காலி பிரசித்தம். அதோடும் தீரவில்லை. 1961 அக்டோபரிலிருந்து ஹான்ஸ் கிராஸ் என்கிற டாக்டர் வாரத்துக்கு மூன்று நாள் தேகப்பயிற்சி செய்ய வைத்த பிறகுதான் நல்ல முன்னேற்றம் தெரிந்ததாம். நாலு ஆபரேஷனுக்குப் பின்னும் கடைசியில் வந்து நின்ற இடம் தேகப்பயிற்சி. அதற்கு நகையை அடகு வைக்கவேண்டாம்.

“வலியோட எப்படிக்கா நடக்கறது? உள்ளே ஏதாவது ஆயிட்டா?” இந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு. எனக்கு பிஸியோதெரபிப் பெண் சொன்ன விளக்கம் இது. திருடனைப் பிடித்த நாய் அதன் பிறகு தபால்காரரைப் பார்த்தாலும் குரைக்கும். பல மாதம் அழுந்திக் கிடந்த நரம்பும் அப்படித்தான். காயம் ஆறின பிறகும் சின்ன அசைவுக்கெல்லாம் குரைக்கிறது. குரைக்கிறதே என்று வாசல் கதவையே சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் நாய் அடங்காது. தபால்காரர் தினம் வரவேண்டும், பழகவேண்டும். வலி நிஜம்தான், நடிப்பு இல்லை. ஆனால் வலித்த போதெல்லாம் உள்ளே எதுவோ உடைந்தது என்று அர்த்தமில்லை. டாக்டர் ‘எலும்பு, தையல் எல்லாம் சரி, நடக்கலாம்’ என்று சொன்ன பிறகு படுத்தே கிடப்பதுதான் கெடுதல். சாதாரண முதுகு வலிக்காரர்களில் ஒரு பாதிப் பேரை இரண்டு நாளும் மறு பாதியை ஏழு நாளும் படுக்கச் சொல்லிப் பார்த்த ஓர் ஆராய்ச்சி 1986-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஏழு நாள் படுத்தவர்களுக்கு அதிகப்படி நன்மை ஒன்றும் இல்லை. வேலைக்குப் போகாமல் நின்ற நாள்தான் அதிகம்.

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. திருவண்ணாமலை மலையைச் சுற்றுகிற பாதையில் மேற்கே, வருண லிங்கம் தாண்டி வருகிற ஊர். கிரிவலப் பாதை பதினாலு கிலோமீட்டர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் ஜன சமுத்திரம்தான். அதனால் எனக்கு ஆபரேஷன் ஆன புதிதில் வந்தவர்கள் எல்லாம் சொன்ன யோசனை ஒன்றே: “ஒரு சுத்து சுத்தி வா, வலி பறந்துடும்.” இன்னொரு யோசனையும் உண்டு. பாதையில் குபேர லிங்கம் பக்கம் இடுக்குப் பிள்ளையார் கோவில் இருக்கிறது. குறுகலான வழியில் ஒருக்களித்து உடம்பை வளைத்து ஊர்ந்து வெளியே வந்தால் இடுப்பு வலி போகும் என்பது நம்பிக்கை. பிள்ளையார் மேல் எனக்கும் பக்தி உண்டு. ஆனால் தண்டுவடத்தில் தையல் போட்டவர்கள் வெளியே நின்று தோப்புக்கரணமும் வேண்டாம், கையெடுத்துக் கும்பிட்டாலே அவர் ஏற்றுக்கொள்வார்.

நடை நல்லதுதான், அதில் சந்தேகமே இல்லை. 2024-ல் ஆஸ்திரேலியாவில் முதுகு வலி வந்து தேறின 701 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஆபரேஷன் ஆனவர்களுக்கென்று செய்ததல்ல, இருந்தாலும் தெரிந்துகொள்ள வேண்டியது. கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டினவர்களுக்கு வலி திரும்பி வர நடுவாக 208 நாள் ஆயிற்று. அந்த நடைப் பயிற்சி கொடுக்கப்படாதவர்களுக்கு 112 நாள். அதில் ‘கொஞ்சம் கொஞ்சமாக’ என்பதுதான் முக்கியம். பதினாலு கிலோமீட்டரை ஒரே ராத்திரியில் நடந்துவிட்டு பத்து நாள் படுப்பது நடையில் சேர்த்தி இல்லை.

எங்கள் பாதையில் விளக்குக் கம்பங்கள் வரிசையாக இருக்கின்றன. எனக்குச் சொன்ன கணக்கு அதை வைத்துத்தான். முதல் வாரம் மூன்று கம்பம் போய்த் திரும்ப வேண்டும். இன்னும் போகலாம் போலிருந்தாலும் மூன்றுதான். கால் துவண்டாலும், வலி சுமாராக இருந்தால், மெதுவாகவாவது அந்த மூன்று. அடுத்த வாரம் நாலு. கம்பம் இல்லாத ஊரில் கடிகாரம் இருக்கிறது. உங்களுக்கு இருபது நிமிஷம் நின்றால் வலி ஏறுகிறதா? பதினைந்தாவது நிமிஷத்தில் உட்காருங்கள். வலி வந்தபின் நிறுத்துவது வேறு, வருமுன் நிறுத்துவது வேறு.

இந்த வலியில் மோசமான நாள் ஆபத்தில்லை. நல்ல நாள்தான் ஆபத்து! காலையில் எழுந்ததும் வலி குறைவாக இருந்துவிட்டால் நம் பெண்கள் என்ன செய்வோம்? பரண் ஏறி ஒட்டடை அடிப்போம், பத்து நாள் சேர்ந்த போர்வைகளைத் துவைப்போம், இருக்கிற மாவையெல்லாம் அரைத்து வைப்போம். அடுத்த மூன்று நாள் படுக்கை. ‘நேத்து அவ்வளவு வேலை செஞ்சா, இன்னிக்கு படுத்துக்கிட்டாளே’ என்று வீட்டில் சந்தேகம் வருவதும் இதனால்தான். நல்ல நாளிலும் அதே அளவு, கெட்ட நாளிலும் முடிந்தவரை அதே அளவு. நாலு வருஷத்தில் நான் கற்றதில் பெரிய வித்தை இதுதான். கார்த்திகை தீபத்துக்கு எங்கள் வீட்டில் உறவுக்காரர்கள் இருபது பேராவது வந்து இறங்குவார்கள். ஒரு வாரம் முன்னாலேயே தினம் ஒரு வேலையாகப் பிரித்துவிடுவேன். பொரி உருண்டை ஒரு நாள், பாத்திரம் இறக்குவது ஒரு நாள். அதுவும் இறக்குவது என் மகன்.

வலி போய்விட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. மழைக்காலத்தில் காலையில் இன்னும் கடுக்கத்தான் செய்கிறது. ஆனால் வாயு லிங்கம் வரை போய்த் திரும்புகிறேன், சமைக்கிறேன், கல்யாணம் காட்சிக்குப் போய் வருகிறேன்.

அடுப்படி விஷயம் கொஞ்சம். நிரம்பின சமையல் காஸ் சிலிண்டரில் காஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் முப்பது கிலோ சுமார். அதைத் தூக்காதீர்கள், நகர்த்தவும் ஆளைக் கூப்பிடுங்கள். தண்ணீர்க் குடம் பதினைந்து லிட்டர் என்றால் பதினைந்து கிலோ. இடுப்பில் வைத்தால் ஒரு பக்கமே பாரம். பாதிப் பாதியாக இரண்டு வாளியில் இரண்டு கையில் எடுத்து வாருங்கள். நீளக் கைப்பிடி துடைப்பம் விளக்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். நின்று சமைக்கும்போது ஒரு காலை சின்னப் பலகை மேல் மாற்றி மாற்றி வைத்தால் இடுப்புக்கு ஆறுதல். கோலத்துக்குப் பத்துப் புள்ளி போதும், முட்டி மடக்கி முக்காலியில் உட்கார்ந்து போடலாம். குனியவே கூடாது என்று ஆயுசுக்கும் விறைப்பாக இருப்பதும் சரியில்லை. காயம் ஆறின பிறகு குனிவதையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டியதுதான். இடுப்பு பெல்ட்டும் அப்படியே. பஸ் பயணத்துக்கோ கூடுதல் வேலைக்கோ கட்டலாம். பகல் முழுக்கக் கட்டிக்கொண்டால் தசை சோம்பேறி ஆகிவிடும்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்குத்தான் உண்மையான கஷ்டம். தரையிலிருந்து குழந்தையை அள்ளித் தூக்குவதைவிட, நீங்கள் கட்டிலிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து “ஏறி வா ராஜா” என்று கூப்பிடுங்கள். இரண்டு வயதுப் பையன் குஷியாக ஏறுவான். தூக்கியே ஆகவேண்டும் என்றால் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, குழந்தையை நெஞ்சோடு அணைத்து எழுந்திருங்கள். ஒரே இடுப்பில் வைத்துச் சாய்ந்து நிற்காதீர்கள். குளிப்பாட்ட உயரமான மணை.

கழிப்பறையில் குந்த முடியாவிட்டால் நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி கடைகளில் கிடைக்கிறது, வெட்கப்படாமல் வாங்குங்கள். சில வலி மாத்திரைகள் மலச்சிக்கல் உண்டாக்கும். முக்கினால் இடுப்பில் மின்னல் வெட்டும். கீரை, கொய்யா, வாழைத்தண்டு, நிறையத் தண்ணீர். வெந்நீர் ஒத்தடம் இதம்தான். ஆனால் மரத்துப்போன இடத்தில் சூடு தெரியாமல் கொப்பளித்துவிடும், கையால் பார்த்துக் கொடுங்கள்.

கட்டாந்தரையில் படுத்தால்தான் முதுகுக்கு நல்லது என்று நம் வீடுகளில் ஒரு பழக்கம். 2003-ல் ஸ்பெயினில் 313 பேரிடம் மெத்தையை மாற்றிப் பார்த்தபோது, மிகக் கெட்டி மெத்தையைவிட நடுத்தர மெத்தையே நாள்பட்ட வலிக்கு நல்லது என்று தெரிந்தது. இலவம்பஞ்சு மெத்தையே தாராளம். ஒருக்களித்துப் படுத்து முட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணை வையுங்கள்.

மருந்துக் கடையில் “இடுப்பு வலிக்கு நாலு கொடுங்க” என்று வாங்கி மாதக் கணக்கில் விழுங்குவது வேண்டாம். வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும், ரத்தக் கொதிப்பு ஏறும். கர்ப்பமாக இருந்தாலும், பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். நரம்பு வலிக்கு சில டாக்டர்கள் அமிட்ரிப்டிலின் கொடுப்பார்கள். அது மனச்சோர்வு மாத்திரை என்று யாரோ சொல்ல, ‘என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டார்’ என்று தூக்கி எறிந்த பெண்ணை எனக்குத் தெரியும். குறைந்த அளவில் அது நரம்பு வலிக்கும் தூக்கத்துக்குமான மருந்து. அதையோ பிரிகாபலின் போன்றதையோ நீங்களாக சட்டென்று நிறுத்தவும் கூடாது.

இனி மாமியார். தழும்பு வெளியே தெரிவது இரண்டு விரற்கடை; உள்ளே இருக்கிற வலி யார் கண்ணுக்கும் தெரியாது. “எனக்கு முடியல” என்று மட்டும் சொன்னால் கேட்பவர்களுக்கு எதுவும் புரியாது. “அத்தை, இட்லி ஊத்தறது, காய் நறுக்கறது, துணி மடிக்கறது நான் செய்யறேன். மாவு தூக்கறது, தண்ணி பிடிக்கறது மட்டும் வேற யாராவது” என்று அளந்து சொல்லிப் பாருங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அவரையே துணைக்குக் கூட்டிப் போங்கள். மருமகள் வாயால் கேட்பதைவிட டாக்டர் வாயால் கேட்டால் மனசில் இறங்கும். நம் வீட்டு ஆண்களையும் விடாதீர்கள், அவர்களுக்கும் இரண்டு கை இருக்கிறது!

எங்கே போவது என்றும் கேட்பீர்கள். ஆபரேஷன் செய்கிற துறை வேறு, அதற்குப் பிறகு வாழப் பழக்குகிற துறை வேறு. மறுவாழ்வு மருத்துவம், பி.எம்.ஆர். என்பார்கள். வேலூர் சி.எம்.சி.யில் இதை வளர்த்தவர் ஒரு பெண், டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு நியூயார்க் போய் இந்தப் படிப்பைப் படித்து வந்தார். வேலூரில் மறுவாழ்வு நிலையம் 1966-ல் உருவானது. 1972-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எங்கள் ஊரிலிருந்து வேலூர் பஸ்ஸில் இரண்டு, இரண்டரை மணி நேரம். சென்னையில் கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. அவ்வளவு தூரம் உட்கார்ந்து போக முடியாதவர்கள், பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் பிஸியோதெரபி உண்டா என்று முதலில் விசாரியுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிஸியோதெரபி கொடுப்பதையும் சேர்த்தார்கள். உங்கள் ஊர் கிராம சுகாதார நர்ஸைக் கேட்டால் விவரம் சொல்வார்.

எங்கே போனாலும் டிஸ்சார்ஜ் சீட்டு, பழைய ஸ்கேன் படம், இப்போது சாப்பிடுகிற மாத்திரை அட்டை எல்லாம் ஒரு துணிப்பையில் இருக்கட்டும். கூடவே ஒரு வாரத்துக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை நிமிஷம் நின்றேன், எத்தனை நடந்தேன், எப்போது வலி ஏறியது, ராத்திரி எத்தனை மணி தூங்கினேன் என்று. அதைக் கையில் கொடுத்துவிட்டால், பரபரப்பில் சொல்ல விட்டுப்போவது எதுவும் இருக்காது.